இன்சுலின் பம்புக்கு மாறப்போறீங்களா? திருகோணமலைப் பக்கம் அடிக்கடி கேக்கிற கேள்விகளும் பதிலும்

என்ட மகளுக்கு டைப் 1 நீரிழிவு, உடம்பில இன்சுலின் சுரக்காத வருத்தம், சின்ன வயசில இருந்தே. அவ பம்புக்கு மாறின பிறகு கிளினிக்ல சந்திக்கிற ஆக்கள், உப்புவெளி, கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துத் தாய்மார் எல்லாரும் போன் எடுத்துக் கேக்கிறது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான், அதால எல்லாத்தையும் ஒரே இடத்தில எழுதி வைக்கிறன். இதில வாற டோஸ் கணக்கெல்லாம் விளங்கிறதுக்காகச் சொல்லுறது. உங்கட பிள்ளைக்கு எவ்வளவு எண்டு முடிவெடுக்க வேண்டியது உங்கட டொக்டர்தான்.

பம்ப் எண்டா ஒப்பரேசன் செய்து உள்ளுக்க வைக்கிறதா?

இல்ல. பழைய பட்டன் போன் அளவில ஒரு பெட்டி, வெளியிலதான் இருக்கும். அதுக்குள்ள இன்சுலின் நிரப்புற ரிசர்வோயர், அதில இருந்து ஒரு மெல்லிய ரியூப், ரியூப் முடியிற இடத்தில தோலுக்குக் கீழ போற ஒரு குட்டிக் குழாய், அதைத்தான் கனுலா எண்டு சொல்லுறது. ரியூப், கனுலா, ஒட்டுற பிளாஸ்ரர் மூண்டும் சேர்ந்ததுதான் இன்பியூசன் செற். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாப் போற இன்சுலின் பேசல், சாப்பிடேக்க நாங்க பட்டன் அமத்திக் குடுக்கிறது போலஸ். ரியூப்பே இல்லாம நேரா உடம்பில ஒட்டுற ஒம்னிபொட் மாதிரியும் இருக்கு, அது 200 யூனிட் வரைக்கும் பிடிக்கும், 3 நாளில கழட்டி எறிஞ்சிட்டுப் புதுசு ஒட்டுறது.

பம்ப் போட்டா அதுவே எல்லாம் பாத்துக்கொள்ளுமா, ஊசியே வேணாமா?

இந்த நினைப்போட பம்ப் எடுக்கிற குடும்பங்களைப் பாத்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு. சென்சரோட (தோலில ஒட்டி வைச்சுச் சீனி அளக்கிறது) சேர்ந்து ஓடுற புது பம்புகள், மெட்ரோனிக் 780ஜி மாதிரி, சீனி ஏறினா இறங்கினா பேசலைத் தானே கூட்டிக் குறைக்கும், அது உண்மை, ராத்திரி நித்திரைக்கு அது பெரிய உதவி. ஆனா சாப்பாட்டில எவ்வளவு மாச்சத்து இருக்கு எண்டு நீங்கதான் பம்புக்குச் சொல்லோணும், செற் நீங்கதான் மாத்தோணும், விரல்ல குத்திப் பாக்கிறதும் முழுசா நிக்காது. ஊசி, இன்சுலின் பேனா எல்லாம் வீட்டில இருக்கவே வேணும். ஏன் எண்டு கீழ சொல்லுறன்.

கிளினிக்ல சும்மா தாற இன்சுலினைப் பம்புக்குள்ள நிரப்பலாமா?

நிரப்பக்கூடாது. அரச ஆஸ்பத்திரி கிளினிக்ல வழக்கமாத் தாறது சொலுபிள், ஐசோபேன், மிக்ஸ்டாட் மாதிரி ஹியூமன் இன்சுலின். பம்புக்குப் போடுறது கெதியா வேலை செய்யிற இன்சுலின் மட்டும், நோவோரபிட், ஹியூமலொக் மாதிரி. பால் மாதிரிக் கலங்கலா இருக்கிற எந்த இன்சுலினும் பம்புக்குள்ள போகவே கூடாது. அதாவது பம்புக்கு மாறினா இன்சுலினையும் பாமசியில காசு குடுத்து வாங்கிற நிலைமை வரலாம், இதைப் பம்ப் விக்க வாற ஆக்கள் முதல்லயே சொல்லுறது குறைவு. ஒரு நாளைக்கு 40 யூனிட் எண்டு வைங்க, மாசத்துக்கு 1200, ரியூப் நிரப்பி வீணாப் போறதும் சேர்த்தா 1000 யூனிட் குப்பி ஒண்டு காணாது, ஒண்டரைக்குக் கிட்ட வரும்.

பம்ப் விலைதானே பெரிய செலவு, அதுக்குப் பிறகு என்ன?

பம்ப் ஒருக்கா வாங்கிறது. செற் மாசாமாசம். நான் எல்லாருக்கும் திருப்பித் திருப்பிச் சொல்லுறது இதைத்தான், பம்ப் வாங்க வசதி இருக்கா எண்டு பாக்கிறதுக்கு முதல் செற்றும் ரிசர்வோயரும் நிப்பாட்டாம வாங்க வழி இருக்கா எண்டு பாருங்க. 3 நாளைக்கு ஒண்டு மாத்தினா மாசத்துக்கு 10, ஆனா சிலது வளைஞ்சு போகும், சிலது வேர்வையில கழரும், சிலது கதவுக் கைபிடியில ரியூப் கொளுவி இழுபடும், அதால 12, 13 எண்டு கணக்கு வைக்கிறதுதான் சரி. ஸ்டீல் ஊசி செற் எண்டா 2 நாளைக்கு ஒருக்கா மாத்தோணும், மாசத்துக்கு 15. 7 நாள் வரைக்கும் வைக்கக்கூடிய செற்றும் இப்ப இருக்கு, ஆனா அது எல்லாப் பம்புக்கும் சரிவராது. செற் இல்லாட்டிப் பம்ப் வெறும் பெட்டிதான். கொழும்பில இருந்து சாமான் வரப் பிந்தும், மாரி காலத்தில ரோட்டு வெள்ளமும் இருக்கு, அதால குறைஞ்சது ஒரு மாசத்துக்கான செற் எப்பவும் வீட்டில இருக்கோணும், கடைசிப் பெட்டியை உடைச்சிட்டு ஓடர் குடுக்கிற வேலை வேணாம்.

எந்த செற் நல்லம்?

எல்லாருக்கும் ஒண்டு எண்டு இல்ல. நேரா உள்ள போற டெப்லோன் (வளையிற பிளாஸ்டிக்) கனுலா 6 மில்லிமீற்றரும் 9 மில்லிமீற்றரும் வரும், மெல்லிய பிள்ளைக்கு 6 காணும். மெல்லிய உடம்புக்காரருக்கும் தசை கூடின ஆக்களுக்கும் சரிச்சுக் குத்துற செற் நல்லா நிக்கும். டெப்லோன் அடிக்கடி மடங்கிப்போற ஆக்கள் ஸ்டீல் ஊசி செற்றைக் கேட்டுப் பாருங்க, அது மடங்காது. பிளாஸ்ரருக்குத் தோல் சிவந்து கடிக்குது எண்டாலும் டொக்டரிட்ட சொல்லி வேற வகை கேக்கலாம். ரியூப் நீளமும் பல அளவில வரும், 60 சென்ரிமீற்றர் அனேகம் பேருக்குப் போதும், பம்பைக் காலுக்குக் கிட்டக் கட்டுற ஆக்களுக்குத்தான் நீளமானது வேணும். முக்கியமா ஒண்டு, ஒரு கம்பனி செற் மற்றக் கம்பனி பம்புக்கு ஏறும் எண்டு நினைச்சு மலிவாக் கிடைக்குது எண்டு வாங்கிப் போடாதீங்க.

செற் மாத்திறது எப்பிடி, பயமா இருக்கு

முதல் கொஞ்ச நாள் கை நடுங்கும், பிறகு பழகிடும். நாங்க செய்யிற மாதிரிச் சொல்லுறன். காலமை குளிச்ச பிறகுதான் மாத்துவம், படுக்கப் போகேக்க மாத்த மாட்டம், ஏனெண்டா செற் சரியா நிக்காட்டி அது தெரியவாற நேரம் நாங்க முழிச்சிருக்கோணும். எண்ணெய் வைச்சு முழுகின நாளில எண்ணெய் முழுசாப் போகச் சவுக்காரம் போட்டுக் கழுவோணும், எண்ணெய்த் தோலில எந்தப் பிளாஸ்ரரும் நிக்காது. பிரிட்ஜில இருந்து எடுத்த இன்சுலினைக் குளிரோட நிரப்பக்கூடாது, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு நிரப்பினாத்தான் காத்துக் குமிழி குறையும். குமிழி உடம்புக்குள்ள போனா உயிராபத்து எண்டு பயப்பிடுறாங்க, அப்பிடி இல்ல, ஆனா குமிழி இருக்கிற இடத்தில இன்சுலின் இல்ல எண்டதுதான் பிரச்சினை. ரிசர்வோயரை நிமித்திப் பிடிச்சு விரலால மெல்லத் தட்டினா குமிழி மேல வரும், தள்ளி விடுங்க.

பிறகு ரியூப்பை நிரப்போணும், நுனியில துளி வாறதைக் கண்ணால பாக்கோணும். ரியூப் நிரப்பேக்க செற் உடம்பில கொளுவி இருக்கவே கூடாது, இருந்தா அவ்வளவு இன்சுலினும் பிள்ளைக்குள்ள போயிடும். இதை வீட்டில எல்லாருக்கும் சொல்லி வைங்க. ஸ்பிரிட் துடைச்ச தோல் நல்லாக் காஞ்ச பிறகு குத்துங்க, ஊசியை வெளிய எடுத்தா கனுலா மட்டும் உள்ள நிக்கும், அதை நிரப்ப 6 மில்லிமீற்றருக்கு 0.3 யூனிட், 9க்கு 0.5 யூனிட் குடுக்கிறது வழமை, உங்கட செற் பெட்டியில போட்டிருக்கிற அளவையும் ஒருக்காப் பாருங்க. ஸ்டீல் ஊசிக்கு இந்தக் கடைசி வேலை இல்ல. 2 மணித்தியாலத்தில விரல்ல குத்திப் பாருங்க, அதுதான் செற் வேலை செய்யுதா எண்டதுக்கு அத்தாட்சி.

இடம் மாத்தி மாத்திக் குத்தோணும். தொப்புளுக்கு 2 இஞ்சி தள்ளி வயிறு, இடுப்புக்குப் பின்பக்கம், தொடை, மேல்கை. நோகாத இடம் எண்டு ஒரே இடத்தில குத்திக்கொண்டு இருந்தா அந்த இடம் தடிச்சுக் கட்டி மாதிரி வரும், பிறகு அதுக்குள்ள போற இன்சுலின் ஒழுங்கா உடம்பில சேராது.

திடீரெண்டு சீனி 300க்கு மேல போகுது, என்ன செய்யிறது?

இந்தப் பக்கத்தில ஒண்டைத்தான் வாசிப்பீங்க எண்டா இதை வாசிங்க. லான்டஸ் மாதிரி நீளமா நிக்கிற இன்சுலின் பம்பில இல்ல. உள்ள போறது கெதியான இன்சுலின் மட்டும், அது 3, 4 மணித்தியாலத்தில முடிஞ்சிடும். கனுலா மடங்கினாலோ கழண்டாலோ அதுக்குப் பிறகு உடம்பில இன்சுலினே இல்ல, கீற்றோன் (இன்சுலின் இல்லாம உடம்பு கொழுப்பை எரிக்கேக்க வாற அமிலம்) ஏறத் தொடங்கும், ராத்திரி கழண்டா விடியக்குள்ள பிள்ளை சத்தி எடுக்கிற நிலைக்கு வந்திடும்.

அதால 250க்கு மேல காட்டினா கீற்றோன் பாருங்க, இரத்தத்தில பாக்கிற மீற்றர் இல்லாட்டிச் சலத்தில பாக்கிற ஸ்ட்ரிப்பாவது வீட்டில இருக்கோணும். கீற்றோன் இல்லாட்டிப் பம்பால ஒருக்காக் கரெக்சன் (ஏறின சீனியை இறக்கிற மேலதிக இன்சுலின்) குடுத்திட்டு ஒரு மணித்தியாலம், மிஞ்சினா 2 மணித்தியாலம் பாருங்க. இறங்கல்லையா, பம்பை நம்ப வேணாம், பேனாவால அல்லது ஊசியால கரெக்சனைப் போட்டிட்டு செற், ரிசர்வோயர், இன்சுலின் மூண்டையும் புதுசா மாத்துங்க. கீற்றோன் இரத்த மீற்றர்ல 0.6க்கு மேல இருந்தா இந்தப் பொறுத்துப் பாக்கிற கதையே இல்ல, உடன ஊசி, உடன புது செற், தண்ணி நல்லாக் குடிக்கக் குடுங்க. 1.5க்கு மேல போனா டொக்டரிட்டக் கதைக்கோணும். சத்தி, வயித்துக்குத்து, மூச்சு வாங்கிறது, இல்லாட்டி 3க்கு மேல எண்டா 1990க்கு அடிச்சு அம்புலன்ஸ் எடுங்க, காசு இல்ல, நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. அங்க போன உடன "டைப் 1, பம்ப் போட்டிருக்கு, நீளமா நிக்கிற இன்சுலின் உடம்பில இல்ல" எண்டு சொல்லுங்க, பம்ப் பாத்துப் பழக்கமில்லாத டொக்டருக்கும் அந்த ஒரு வசனம் போதும்.

பம்பே பழுதாகி அடுத்தது வரக் கன நாள் எடுக்கும் எண்டா திரும்ப ஊசிக்குப் போகோணும். 24 மணித்தியாலத்துப் பேசல் எத்தனை யூனிட், அதுக்கு லான்டஸ் எவ்வளவு எண்டு டொக்டரிட்ட முதல்லயே எழுதி வாங்கி பிரிட்ஜ் கதவில ஒட்டி வைங்க. பம்ப் நிண்டா அதில இருந்த நம்பர் எல்லாம் பாக்க ஏலாமப் போகலாம்.

தொடங்கேக்க டோஸை எப்பிடிக் கணக்குப் பாப்பாங்க?

ஊசியில ஒரு நாளைக்குப் போட்ட மொத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுத் தொடங்குவாங்க. 40 யூனிட் போட்ட ஆள் எண்டு வைங்க, 20 வீதம் குறைச்சா 32, அதில பாதி 16 பேசலுக்கு, 24ஆல பிரிச்சா மணித்தியாலத்துக்கு 0.67 கிட்ட. மற்றப் பாதி சாப்பாட்டுக்கு. பிறகு விடியக்காலமை கூட்டி, மத்தியானம் குறைச்சு எண்டு கிழமைக்கணக்கில திருத்துவாங்க. முதல் ரெண்டு கிழமை நித்திரை கெடும், நடுச்சாமம் எழும்பிச் சீனி பாக்க வேண்டி வரும், அதுக்கு லீவு கீவு இருந்தா எடுத்துக்கொள்ளுங்க.

புட்டுக்கும் இடியப்பத்துக்கும் மாச்சத்து எப்பிடிக் கணக்கெடுக்கிறது?

நெட்டில பாத்தா பாணுக்கும் பாஸ்தாவுக்கும்தான் கணக்குக் கிடைக்கும், நம்மட சாப்பாட்டுக்குத் தேடித்தான் எடுக்கோணும். நான் செய்யிறது, குழைக்க முதல் மாவை நிறுக்கிறது. அரிசி மா 100 கிராமில கிட்டத்தட்ட 80 கிராம் மாச்சத்து. 300 கிராம் மாவில அவிச்சா 240, அதை வீட்டில 4 பேருக்குச் சமனாப் பிரிச்சா ஒரு ஆளுக்கு 60. தண்ணியும் ஆவியும் நிறையை மாத்தும், மாவில இருந்த மாச்சத்தை மாத்தாது. அவிச்ச சோறு ஒரு கோப்பை எண்டா 45 கிராம் கிட்ட.

புட்டில தேங்காப்பூ கூட எண்டா, சொதியும் விட்டா, கொழுப்பால சீனி பிந்தித்தான் ஏறும். கொத்து ரொட்டியும் அப்பிடித்தான், சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்தில நல்ல நம்பர் காட்டும், நடுச்சாமத்தில ஏறி நிக்கும். இதுக்குப் பம்பில போலஸைப் பிரிச்சுக் குடுக்கலாம், பாதி இப்ப, மிச்சம் அடுத்த 2, 3 மணித்தியாலத்துக்கு மெல்ல மெல்ல, ஊசியால செய்ய ஏலாத வேலை இது. எவ்வளவு பிரிக்கிறது எண்டதை ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் எழுதி எழுதித்தான் பிடிக்கோணும். எல்லாப் பம்பிலயும், தானே ஓடுற மோட்டிலயும் இது கிடைக்காது, கேட்டு வாங்குங்க.

நம்மட வெக்கைக்குத் தாங்குமா, கடல் குளிக்கலாமா?

37 பாகைக்கு மேல சூடான இன்சுலினை நம்பேலாது. கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல மத்தியானம் வெயில்ல நடந்தா பம்பை உடுப்புக்கு மேல கட்டாதீங்க, வெயில் படாம உள்பக்கம் வைங்க, மோட்டச்சைக்கிள் சீற்றுக்குக் கீழ குப்பியை வைக்கவே வைக்காதீங்க. ஏறி நிக்கிற சீனி விளங்காம இருந்தா இன்சுலின் வெந்து போச்சா எண்டும் யோசிக்கோணும். வேர்வைக்கு, பிளாஸ்ரருக்கு மேல டெகடேம் மாதிரி மெல்லிய ஒட்டுப் படலம் ஒட்டினா நிக்கும்.

நிலாவெளிக்கோ மாபிள் பீச்சுக்கோ போனா பம்ப் தண்ணி தாங்கும் எண்டு பெட்டியில போட்டிருந்தாலும் கழட்டி வைச்சிட்டுத்தான் நாங்க இறங்கிறது, அலை இழுத்தா பம்ப் போச்சு. செற் உடம்பில இருக்கும், மூடியைப் போட்டா சரி. ஒரு மணித்தியாலத்துக்குள்ள திரும்பக் கொளுவோணும். கழட்டின பம்பை மணலில வைக்காதீங்க, துவாயில சுத்தி ஐஸ் படாத குளிர்ப் பையில வைங்க. கன்னியா வெந்நீர்க் கிணத்தில குளிக்கேக்கயும் கழட்டுங்க. சூட்டில இரத்த ஓட்டம் கூடி, முன்னம் போன இன்சுலின் கெதியா இழுபடும், சீனி இறங்கலாம், குளுக்கோசைக் கையோட கொண்டு போங்க. 70க்குக் கீழ போனா 15 கிராம் சீனி, 15 நிமிசத்தில திரும்பப் பாக்கிறது எண்டது பம்ப் இருந்தாலும் மாறாது.

இன்சூரன்ஸ் காசு தருமா?

முதல்ல பொலிசியை எடுத்து வாசிங்க, ஏஜென்ட் வாயால சொல்லுறதைக் கேட்டு வாங்கிப் போடாதீங்க. அனேகமான பொலிசி ஆஸ்பத்திரியில நிண்டு எடுக்கிற வைத்தியத்துக்குத்தான் பெரிய தொகை வைச்சிருக்கும், வீட்டில பாவிக்கிற கருவிக்கு வேற பிரிவு, அதுக்கு ஒரு வருசத்துக்கு இவ்வளவுதான் எண்டு மட்டு இருக்கும். பொலிசி எடுக்க முதலே இருந்த வருத்தம் எண்டு தள்ளுற பிரிவையும் பாருங்க. அரசாங்க வேலை செய்யிற ஆக்கள் அக்ரஹார காப்புறுதியில கேக்கலாம், கம்பனி வேலைக்காரர் எச்.ஆர். ஊடாக் கேக்கலாம். எங்க கேட்டாலும் எழுத்தில கேளுங்க, எழுத்தில பதில் வாங்குங்க, வாங்க முதல் அனுமதி எடுங்க. கேக்க வேண்டியது ரெண்டு கேள்வி. பம்புக்குத் தருவீங்களா, செற்றுக்கும் ரிசர்வோயருக்கும் ஒவ்வொரு மாசமும் தருவீங்களா. முதலாவதுக்கு மட்டும் ஓம் எண்டு சொன்னா அது அரைவாசிப் பதில்தான்.

டொக்டரிட கடிதம் வெறும் "பம்ப் தேவை" எண்டு இருந்தா வேலைக்காகாது. டைப் 1 எண்டது, எப்ப இருந்து, ஒரு நாளைக்கு எத்தனை ஊசி, எச்பிஏ1சி (கடைசி 2, 3 மாசத்துச் சராசரிச் சீனியைக் காட்டுற சோதனை) எவ்வளவு, சீனி இறங்கி மயங்கினது, கீற்றோனால ஆஸ்பத்திரியில நிண்டது, இதெல்லாம் திகதியோட வரோணும், சி-பெப்டைட் (உடம்பு தானா இன்சுலின் சுரக்குதா எண்டு பாக்கிற சோதனை) ரிப்போர்ட் இருந்தா சேருங்க. வெளிநாட்டுத் திட்டங்கள் கேக்கிறதும் இதைத்தான். அமெரிக்காவில மெடிகெயார் எண்ட அரசாங்கக் காப்புறுதி ஒரு நாளைக்குக் குறைஞ்சது 3 ஊசி எண்டு 6 மாசம் போட்டிருக்கோணும் எண்டு கேக்கும். இங்கிலாந்தில 2008இல வந்த நைஸ் (எந்த வைத்தியத்தை அரசாங்கச் செலவில குடுக்கலாம் எண்டு சொல்லுற அமைப்பு) வழிகாட்டல், ஊசியில கவனமா இருந்தும் எச்பிஏ1சி 8.5 வீதத்துக்குக் கீழ வராத ஆக்களுக்குப் பம்ப் குடுக்கலாம் எண்டு சொன்னது, 2023 டிசம்பர்ல சென்சரோட தானே ஓடுற முறைக்கும் வழி விட்டாங்க. அந்த விதி இங்க செல்லாது, ஆனா டொக்டரிட கடிதத்தில என்ன இருக்கோணும் எண்டு பாக்க நல்ல மாதிரி.

பில் விசயம் ஒண்டு. தெரிஞ்ச ஒரு குடும்பத்திட கிளேமை, பில்லில "மருத்துவ உபகரணம்" எண்டு மட்டும் போட்டிருக்கு எண்டு ஒரு கம்பனி திருப்பி அனுப்பிச்சு. அதால நோயாளியிட பேர், செற் எத்தனை, ரிசர்வோயர் எத்தனை எண்டு தனித்தனியாப் போடச் சொல்லிக் கடையிலயே கேளுங்க.

கனடாவில இருக்கிற மாமா பழைய பம்ப் அனுப்புறன் எண்டுறார், எடுக்கலாமா?

அன்போட அனுப்புறது, ஆனா யோசிச்சு எடுங்க. ஒன்ராறியோவில அரசாங்கம் பம்புக்கு முழுக் காசும் குடுத்து, செற் வாங்க வருசத்துக்கு 2,400 டொலரும் குடுக்குது, அதால அங்க 5 வருசத்தில புதுசு எடுத்துக்கொண்டு பழசை வைச்சிருப்பாங்க. அது இங்க வந்தா வாறன்டி இல்ல, அந்த மொடலுக்கு இங்க செற் கிடைக்குமா எண்டு முதல்ல பாக்கோணும், கிடைக்காட்டி ஒவ்வொரு மாசமும் ஆள் வாற போற நேரம் பாத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். எடுக்கிறதெண்டா மொடல் நம்பரையும் சீரியல் நம்பரையும் குடுத்து, கம்பனி பிழை எண்டு திருப்பிக் கேட்ட மொடலா எண்டு பாத்திட்டு, டொக்டரிட்டக் காட்டி, பழைய ஆளிட நம்பர் எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் போடோணும். மாமா ஏதாவது அனுப்பத்தான் வேணும் எண்டா உங்கட பம்புக்குப் பொருந்துற செற் பெட்டி அனுப்பச் சொல்லுங்க, அதுதான் பெரிய உதவி. அவர் "சீனி 10" எண்டு சொன்னா பயப்பிட வேணாம், அங்கத்தக் கணக்கை 18ஆல பெருக்கோணும், நம்மட மீற்றர்ல அது 180.

கரண்ட் போனா?

சில பம்புக்கு சாதாரண ஏஏ பற்றரி, அது சுகம், கடையில எங்கயும் வாங்கலாம். சார்ஜ் போடுறது எண்டா பவர் பேங்க் ஒண்டு நிரப்பி வைங்க. பிரிட்ஜ் நிண்டா பாவிக்கிற குப்பியை மண் பானைக்குள்ள நனைஞ்ச சீலை சுத்தி வைக்கலாம், குப்பி தண்ணியில ஊறாம இருக்கோணும்.

நோன்பு, விரதம் பிடிக்கலாமா?

டொக்டரிட்டக் கேட்டிட்டுத்தான். பம்ப் இருந்தா பேசலைச் சில மணித்தியாலத்துக்கு 10, 20 வீதம் எண்டு குறைச்சு வைக்க ஏலும், ஊசியில அது ஏலாது, ஆனா பம்பை முழுசா நிப்பாட்டி வைக்கிறது கூடவே கூடாது. 70க்குக் கீழ போனா நோன்பானாலும் கந்தசஷ்டியானாலும் முறிக்கோணும்.

பள்ளிக்கூடம், சோதனை?

வகுப்பு ரீச்சருக்கும் அதிபருக்கும் ஒரு கடிதம், பையில ஒரு மேலதிக செற், பேனா, குளுக்கோஸ். சோதனை மண்டபத்தில பம்ப் சத்தம் போட்டா போன் எண்டு நினைப்பாங்க, அதால ஓ.எல்., ஏ.எல். எண்டா டொக்டர் கடிதத்தோட அதிபர் ஊடாக நல்ல நேரத்தோட அறிவிச்சு வைங்க. உடுப்புக்கு, கவுனுக்கு உள்ள இடுப்புப் பட்டி, சீலைக்குப் பிளவுசோட தைச்ச சின்னப் பை, சாரம் கட்டுற ஆம்பிளையளுக்கு பெல்ட் கிளிப், எல்லாம் தையல்காரரிட்டச் சொன்னா முடியிற வேலை.

எக்ஸ்ரே, ஸ்கேன்?

எக்ஸ்ரே, சிடிக்குப் பம்பைக் கழட்டி வெளிய வைங்க. எம்ஆர்ஐக்குப் பம்பை அந்த அறைக்குள்ளயே கொண்டு போகக்கூடாது, சென்சரும் ஸ்டீல் ஊசியும் கழட்டோணும். கட்டுநாயக்காவில பையை ஸ்கேன் பண்ணுற மெசினுக்குள்ள பம்பைப் போட வேணாம், டொக்டர் கடிதத்தைக் காட்டிக் கையால பாக்கச் சொல்லுங்க. இன்சுலினும் செற்றும் கையில கொண்டு போற பைக்குள்ள, கீழ போற பெட்டிக்குள்ள போட்டா உறைஞ்சும் போகலாம், பெட்டி வராமலும் போகலாம்.